பெருமாள் பட்டுக்குக் காவல் கிடந்த நாய்

முக்திநாத் போய் வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சாளக்கிராமம் கொண்டு வந்தாயா, கண்டகி தீர்த்தம் மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். கொடுக்கிறேன். தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்ததும் நான் ஒரு நாயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். பாதிப்பேர் எழுந்துவிடுகிறார்கள். திவ்ய தேசம் சேவித்து வந்தவன் வாயில் நாய்ப் பேச்சா என்று எங்கள் பஜனை கோஷ்டியிலேயே ஒருவர் வருத்தப்பட்டார். என்ன செய்வது? பெருமாளைச் சேவித்ததும் நிஜம், போகிற வழியில் அந்த நாயைப் பார்த்து எனக்குப் புல்லரித்ததும் நிஜம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீடு செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம். கொஞ்சம் நெல் விளைகிறது, அதில் காலம் போகிறது. என் மனைவி அலமேலு பிள்ளையார்பாளையத்துப் பெண், தறி தெரிந்தவள். எங்கள் மூத்த பையனுக்கு அம்மை வார்த்து, கண் போய்விடும் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், பஜனை மடத்தில் நூற்றெட்டுத் திருப்பதிகளைப் பற்றிக் கதை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு முக்திநாதன் கதை. வீட்டிலிருந்தே ஒலிபெருக்கியில் கேட்டவள், "முக்திநாதா, என் பிள்ளை கண்ணைக் குடு, என் கையால நெய்ஞ்ச பட்டு ஒண்ணு உனக்குச் சாத்தறேன்" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். கண்ணும் பிழைத்தது.

அப்புறம்தான் அந்த ஊர் நேபாளத்தில், பனிமலைக்கு நடுவில் இருக்கிறது என்று தெரிந்தது. "வேண்டிக்கிறப்போ அது எங்க இருக்குதுன்னு எனக்கு இன்னாங்க தெரியும்? திருப்புட்குழி மாதிரி பஸ்ஸு போற ஊருன்னு நெனச்சேன்" என்றாள். ஆனால் பின்வாங்கவில்லை. தன் அண்ணன் வீட்டுத் தறியில், தினமும் தலைக்குக் குளித்து, வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் உட்கார்ந்து, மஞ்சள் பட்டில் அரக்குக் கரை வைத்து ஒரு சின்னப் பீதாம்பரம் நெய்தாள். முடித்ததும் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியில் சுற்றினாள். அன்றிலிருந்து அது மடி. குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும். மற்றவர் கை படக்கூடாது. இடம் மாற்றுவதென்றால் மூங்கில் கழியால் எடுப்பாள்.

பேச்சுத் துணைக்கு எங்கள் தெருக் கன்னியப்பன் அண்ணன் வந்தார். ராணுவத்தில் அவில்தாராக இருந்தவர். கூர்க்கா சிப்பாய்களோடு பல வருஷம் ஒரே முகாமில் இருந்ததால் நேபாளி பேசுவார். அவர் மொழிபெயர்த்ததில் எது அவர்கள் சொன்னது, எது அவர் சொந்தச் சரக்கு என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

எல்லை தாண்டிய முதல் நாளே பஸ்காரர் நடுவழியில் நிறுத்தி ஓர் ஆட்டுக்கிடாயை வாங்கி எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் ஏற்றினார். அலமேலு மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மலை இறங்கும்வரை நின்றே வந்தாள். "உக்காரும்மா, ஆடு இன்னா உன் பட்டையா கட்டிக்கப் போவுது?" என்றார் அவில்தார்.

பஸ் பாதை முடிந்த பிறகு நடை. அவளுக்கு மட்டும் ஒரு கோவேறு கழுதை. அது காளிகண்டகியைக் கடக்கும்போது, தண்ணீர் சுகமாக இருந்ததோ என்னவோ, ஆற்றின் நடுவில் படுத்துக்கொண்டது. இடுப்புவரை நனைந்தாள். மூட்டை நனையவில்லை. கரையேறியதும் அவள் முதலில் பார்த்தது அதைத்தான். அந்த ஆற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலாறு எங்களூரில் வெள்ளை மணலாகக் கிடக்கும். இது கறுப்பு மணல், சாம்பல் தண்ணீர், ஒவ்வொரு கல்லையும் புரட்டினால் பெருமாளாக இருப்பாரோ என்று காலை வைக்கவே பயமாக இருக்கும்.

சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லை. தங்கும் வீடுகளில் சோறும் பருப்பும் சுடச்சுடப் போடுகிறார்கள். நாங்கள் பருப்புப் பொடியும் நெய்யும் வைத்திருந்தோம். அவர்கள் டீதான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைகிறார்கள். "பாவம், சர்க்கரைன்னு நெனச்சிக்கினு உப்பைப் போட்டுட்டாங்க, வெளிய சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படும்" என்று அலமேலு மூக்கைப் பிடித்துக் குடித்துவிட்டாள். குடித்ததைப் பார்த்து இன்னொரு குவளை ஊற்றினார்கள்.

கோயிலுக்கு அரைநாள் நடைத் தொலைவில் ஒரு மலையூருக்கு உச்சிப்பொழுதில் வந்து, ராத்திரிக்கும் அங்கேயே தங்கினோம். மரமே கிடையாது. மண் வீடுகள், கூரை மேல் அடுக்கிய விறகு, எதிரே வானத்தை மறைத்துக்கொண்டு பனிமலை. தங்கிய வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் உத்தரத்திலிருந்து இறைச்சியைக் கயிறு கயிறாகத் தொங்கவிட்டுக் காயவைத்திருந்தார்கள். அலமேலு வாசலிலேயே நின்றுவிட்டாள். பட்டை எங்கே வைப்பது? கடைசியில், இறைச்சி வாடையே இல்லாத இடமாக வீட்டை ஒட்டி ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. கல்லை அடுக்கி மார்பளவு எழுப்பிய சுவர். ஆடுகள் ஊர்ப் பையன்களோடு மேயப் போயிருந்தன. ஆட்டுக்கு எந்தத் தீட்டும் இல்லை என்று அவளே முடிவு கட்டி, கழியால் மூட்டையைத் தூக்கிச் சுவர் மேல் வைத்தாள். குளித்துச் சமைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

பட்டிக்கு வெளியே ஒரு முளைக்கம்பின் அடியில் கறுப்பு ரோமக் குவியல் ஒன்று கிடந்தது. கம்பளிக்கு வெட்டிய மயிர் என்று நினைத்து நான் கிட்டே போனேன். குவியல் தலையைத் தூக்கியது.

கன்றுக்குட்டி அளவு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தலை மட்டுமே எங்கள் வீட்டு அண்டா அளவு இருந்தது. கழுத்தைச் சுற்றிச் சிங்கத்துக்குப் போலப் பிடரி. அந்தப் பிடரிக்கு மேல் சிவப்புக் கம்பளி மயிரில் முறுக்கிய மாலை போன்ற பட்டை. உடம்பெல்லாம் கரிக் கறுப்பு. கால்களிலும் மார்பிலும் மட்டும் காவி நிறம். இரண்டு கண்ணுக்கும் மேலே அதே காவியில் இரண்டு பொட்டு. நாலு கண்ணால் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரே ஒரு முறை குரைத்தது. குரைத்தது என்று சொல்வது தப்பு. கருடசேவைக்குக் கோபுர வாசலில் பெரிய முரசை முதல் அடி அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் ஒன்று அதிருமே, அது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அது மறுபடி முகத்தைக் காலில் வைத்துத் தூங்கிவிட்டது.

நாய் அந்த வீட்டுக்காரி டோல்மாவுடையது. முப்பது வயதிருக்கும். கணவன் வியாபாரத்துக்குப் போயிருக்க, ஆடுகளைத் தனியாகப் பார்த்துக்கொள்பவள். அவள் சொல்லச் சொல்ல அவில்தார் மொழிபெயர்த்தார்.

"இது போட்டே நாயிபா. திபெத்து ஜாதி. அந்தக் காலத்துல ஆட்டு முதுகுல உப்பு மூட்டையை ஏத்திக்கினு வருவாங்களாம், அவங்க கூடாரத்தோட கூடவே வந்ததாம் இந்த ஜாதி. அவங்க பாஷையில இதுக்குப் பேரே கட்டிப் போடற நாயின்னுதான் அர்த்தமாம். பகல்ல கட்டிப் போடுவாங்க. இருட்டறப்போ ஆடு பட்டிக்குள்ள வந்ததும் அவுத்து வுடுவாங்க. வுட்டாங்கன்னா அந்தச் சுவத்துக்கு உள்ள இருக்கறதெல்லாம் அதோட பொறுப்பு. ஓநாயி வந்தாலும் சரி, சிறுத்தை வந்தாலும் சரி."

"கட்டளை போட்டா கேக்குமா?" என்று நான் கேட்டேன். டோல்மா சிரித்தாள். இதற்கு யாரும் எதுவும் கற்றுத் தருவதில்லையாம். குட்டியிலேயே ஆடுகளோடு படுக்கவைத்துவிடுவார்களாம். எப்போது எழ வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யுமாம். வாவென்றால் வராது, வேலையில் இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஓடுகிற சிறுத்தையைத் துரத்திப் போகாது. போனால் பட்டி காலியாகிவிடுமே. கோடையில் ஒரு தரம் உள்மயிர் மொத்தமும் உதிருமாம், அதை அவர்கள் ஊரின் எருமை மாதிரியான மாட்டின் மயிரோடு சேர்த்துக் கயிறு திரிப்பார்களாம். சாப்பாடு வறுத்த பார்லி மாவும் மோரும். நம் ஊர்க் கூழ்தான். அந்த உடம்புக்குக் கூழா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

எங்கள் வயலில் கிடை போட வருகிற இடையர்களிடமும் நாய் உண்டு. ஒல்லியாக, வேகமாக, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து காலை நக்கும். நல்ல நாய்கள்தான். ஆனால் அவை ஆட்கள் சொல்லும் வேலையைச் செய்பவை. இது தன் வேலையைத் தானே செய்வது.

மத்தியானம் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காற்று வருகிறது. தினமும் வருமாம். மணலை வாரி முகத்தில் அடிக்கிற காற்று. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சமையலில் இருந்தோம். அலமேலு அந்தக் குளிரில் குளித்துவிட்டு வந்து பல் கிட்டிப்போய் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். காற்று அடங்கிப் பொழுது சாயும்போது ஆடுகள் வந்து பட்டியில் அடைந்தன. ஓர் ஆடு குறைகிறது, சினை ஆடு, மேலே எங்கோ தங்கிவிட்டது என்று டோல்மா நாயை அவிழ்த்து உள்ளே விட்டுவிட்டு மலையேறிப் போனாள்.

அலமேலு கழியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் கத்தியதைக் கேட்டு நானும் அவில்தாரும் ஓடினோம். சுவரின் மேல் மூட்டை இல்லை. காற்று அதை உள்ளே தள்ளியிருந்தது. ஆட்டுக் கூட்டத்துக்கு அந்தாண்டை, சுவரோரம் காய்ந்த இடத்தில் நாய் படுத்திருந்தது. அதன் முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கள் வெள்ளை மூட்டை. ஆடுகள் மிதிக்கிற இடத்திலிருந்து அதுவே வாயால் கவ்விக்கொண்டு போய் வைத்திருக்கிறது.

"தள்ளுங்க, பட்டாளத்துல நான் பாக்காத நாயா?" என்று அவில்தார் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் ஒரு காலைப் போட்டார். நாய் எழுந்தது. ஓடி வரவில்லை, பாயவில்லை. நிதானமாக நடந்து வந்து அவர் காலுக்கு நேரே நின்று அந்த முரசை ஒரு தரம் அடித்தது. அண்ணன் எந்தப் பக்கம் விழுந்தார் என்று நான் பார்க்கவில்லை. எழுந்தபோது அவர் துண்டு சுவருக்கு உள்ளே இருந்தது. நாய் அதையும் கவ்விக்கொண்டு போய் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தது.

"போச்சு, அதுவும் அதோட சொத்து ஆயிடுச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இந்தப் பக்கம் நடந்தால் அதுவும் உள்ளே இந்தப் பக்கம் நடந்தது. அந்தப் பக்கம் போனால் அதுவும் அந்தப் பக்கம். சுவரைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வரவில்லை. சுவருக்கு வெளியே நிற்கும்வரை எங்களை அது ஒன்றும் செய்யவில்லை. சந்நிதி வாசலில் கதாயுதமும் கையுமாக நிற்கிற துவாரபாலகரைக் கல்லில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உயிரோடு இப்போதுதான் பார்த்தேன்.

அலமேலு மட்டும் நாயைப் பார்க்கவில்லை. மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாய் வெச்சிடுச்சிங்க" என்றாள்.

இருட்டும் நேரத்துக்கு டோல்மா வந்தாள். அவள் அங்கிக்குள்ளிருந்து ஒரு குட்டி தலையை நீட்டியது. பின்னால் தாய் ஆடு. நாய் குட்டியை முகர்ந்து பார்த்து, தலை முதல் கால் வரை நக்கிவிட்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டதுபோல் பக்கத்தில் படுத்தது. டோல்மா போய் மூட்டையை எடுத்தாள். நாய் விட்டுக்கொடுத்தது. ஆனால் அவள் சுவர் தாண்டி எங்கள் கையில் கொடுக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

அலமேலு மூட்டையை அவிழ்த்து விளக்கு வெளிச்சத்தில் பட்டைப் பிரித்தாள். தறிக்காரி அல்லவா, பாவு ஊடை என்று இழை இழையாகத் தடவிப் பார்த்தாள். கரையோரத்தில் ஒரு மூலை ஈரமாக இருந்தது. பல் பதிந்த மடிப்பும் தெரிந்தது. ஓர் இழை அறுந்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய வாய், ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கியிருக்கிறது. ஆனால் அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

"கிழிஞ்சிருந்தா முடிச்சுப் போட்டிருப்பேன். நாயி எச்சிலை எப்படிங்க பெருமாளுக்குச் சாத்தறது? சாத்தாம போனா வேண்டுதல் பாக்கி. சாத்தினா பாவம். ரெண்டும் என் பிள்ளை தலையிலதான் வந்து விடியும்."

"கண்டகியில ஒரு தரம் அலசிடும்மா, எல்லாம் சுத்தம்" என்றார் அவில்தார்.

"உங்க துண்டை அலசுங்கண்ணா" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நானும் பெயருக்கு உட்கார்ந்து எழுந்தேன். படுத்த பிறகு வெகுநேரம் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

விடிந்ததும் டோல்மா எங்களை வெளியே கூப்பிட்டாள். பட்டியைச் சுற்றி மண்ணில் சிறுத்தையின் காலடி. மூன்று பக்கமும் வந்து பார்த்திருக்கிறது. நாலாவது பக்கத்தில் சுவரிலிருந்து கற்கள் சரிந்து கிடந்தன. அங்கே ரத்தம். ஆடுகளில் ஒன்றும் குறையவில்லை. நேற்றுப் பிறந்த குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. நாய் தன் முளைக்கம்படியில், தானே போய்ப் படுத்திருந்தது. வலது தோளில் சதை வெளியே தெரிகிற கிழிசல்.

டோல்மா காயத்தை வெந்நீரால் துடைத்தாள். அதற்குமேல் போட அவளிடம் ஒன்றும் இல்லை. அலமேலு உள்ளே போய் எங்கள் மஞ்சள் தூளை நல்லெண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்தாள். டோல்மாவிடம் நீட்டுவாள் என்று நினைத்தேன். டோல்மாவின் ஒரு கை நாயின் கழுத்துப் பட்டையில் இருந்தது; மறு கையால் அங்கி முனையை வைத்து அதன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அலமேலு மண்டி போட்டு உட்கார்ந்து, மயிரை விலக்கி, காயத்தில் மஞ்சளை அப்பினாள். நாயின் உடம்பு முழுவதும் நடுங்கியது. உறுமவில்லை.

"கை மணிக்கட்டு வரைக்கும் உள்ள போவுதுங்க, மயிரு" என்று என்னிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கையைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். மிச்ச மஞ்சளையும் பூசி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுபடி குளித்தாள். மூட்டையைக் கழியில்லாமல் கையிலேயே எடுத்துக்கொண்டாள். "எடுத்துக்கினு போறேன். ஆனா மறைக்க மாட்டேன். நாயி வாய் வெச்சதுன்னு சொல்லிட்டுத்தான் குடுப்பேன். வேணான்னா அவரு வாசல்லயே வெச்சிட்டு வந்துடறேன். அதுக்கு மேல அவரு பாடு."

கோயில் ஏறும்வரை மூட்டையை அவள் கையிலேயே சுமந்து வந்தாள். பசுமுகம் வைத்த நூற்றெட்டுக் குழாய்களில் தண்ணீர் சுற்றிலும் கொட்டுகிறது. ஒவ்வொன்றிலும் தலையை நீட்டி நனைந்தோம். உயிர் போகிற குளிர். சந்நிதியில் சாவியும் பூசையும் தலை மழித்த ஒரு பௌத்தத் துறவிப் பெண்ணிடம் இருந்தன. வயதானவர், முன்பல் இரண்டு இல்லை. உள்ளே பெருமாள் தங்கமாக உட்கார்ந்திருக்கிறார்.

அலமேலு பட்டை நீட்டவில்லை. முதலில் அவில்தாரைப் பார்த்து, "சொல்லுங்கண்ணா. ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். அந்த ஒரு முறை சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் சீக்கிரம் முடித்துவிட்டார்.

அந்த அம்மாள் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவில்தார் திரும்பினார். "கிழிச்சுதான்னு கேக்கறாங்க."

"இல்லை" என்று அலமேலு தலையாட்டினாள்.

அந்த அம்மாள் கையை நீட்டிப் பட்டை வாங்கினார். ஈரம் காய்ந்த மூலையைத் தேடிப் பார்க்கவுமில்லை. பெருமாளின் தோளில் சாத்தி, மடிப்பை நீவிவிட்டு, விளக்கை உயர்த்திக் காட்டினார். பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஏறிய மஞ்சள், அந்தப் பனிமலை இருட்டில் அவர் மேனியில் பளிச்சென்று எரிந்தது. அலமேலு அழுதுகொண்டே விழுந்து சேவித்தாள். எனக்கும் கண்ணீரில் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது.

திரும்பும்போது அந்த ஊர் வழியாகத்தான் வர வேண்டும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆடுகள் அடைந்துவிட்டன, நாயும் உள்ளே. தோளில் மஞ்சள் அப்படியே காய்ந்திருந்தது. அலமேலு, கோயிலில் பிரசாதமாகக் கிடைத்த கற்கண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவரை நோக்கி வேகமாக நடந்தாள். தன்னைத் தெரிந்துகொள்ளும் என்று நினைத்தாள். நானும் நினைத்தேன்.

நாய் எழுந்து வந்து, அவளுக்கு நேரே நின்று, முதல் நாள் எனக்குக் கொடுத்த அதே முரசடியைக் கொடுத்தது. மலை திருப்பிச் சொன்னது. கற்கண்டு கீழே கொட்டிவிட்டது.

"நன்றி கெட்ட நாயிபா" என்றார் அவில்தார். அவர் துண்டை டோல்மா துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா" என்றாள் அலமேலு. "மஞ்சா பூசினவளுக்கு வழி வுட்டா, நாளைக்குச் சோறு போடற திருடனுக்கும் வழி வுட்டுடும்."

சுவருக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி நின்று, சந்நிதியில் செய்ததுபோலவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அது குரைப்பதை நிறுத்தவில்லை. நாங்கள் பாதை திரும்பி, ஆடுகளுக்குத் தூரமாகிவிட்டோம் என்று அதற்குத் தெரிந்த பிறகுதான் நிறுத்தியது.